இடது காலுக்குப் போன பந்துகள்

கால்பந்து டீமில் மிட்ஃபீல்டர் என்பவன் கல்யாண வீட்டில் பந்தி கவனிக்கிறவன் மாதிரி. எல்லா இலைக்கும் ஓடுவான், எந்த இலையிலும் உட்காரமாட்டான். கடைசியில் மண்டபத்தைக் கழுவும்போது, அவன் சாப்பிட்டானா என்பது யாருக்கும் நினைவிருக்காது. இந்த உவமையை நான் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன். இதுவரை யாரும் சிரித்ததில்லை. இரண்டு பேர் மட்டும், யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

அந்த வேலையை நான் ஒன்பது சீசன் பார்த்தேன். கொச்சி வெலிங்டன் தீவில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனி அப்போது டீம் நடத்திக்கொண்டிருந்தது. மாதச் சம்பளம் உண்டு. ரிஜிஸ்டரில் குமாஸ்தா என்று ஒரு பதவியும் உண்டு. ஆனால் செய்யவேண்டியது மைதானத்தில் ஓடுவது மட்டும்தான். டீமைக் கலைத்தபோது, ரிஜிஸ்டரில் இருந்த வேலையை நிஜமாகவே செய்யச் சொல்லிவிட்டார்கள். அன்று உட்கார்ந்த நாற்காலியில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது சீசனில் நான் அடித்தது ஐந்து கோல். அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே போனது. ஐந்தில் அதுதான் அழகு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆட்டம் போனாலும் ஒரு பழக்கம் போகவில்லை. பந்து காலுக்கு வருவதற்குள் மிட்ஃபீல்டர் இரண்டு தோளுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், யார் வருகிறான், எவன் காலியாக நிற்கிறான் என்று. இப்போதும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குகளைத் தாண்டிப் போகும்போது, பத்தடிக்கு ஒருமுறை வலது தோள், இடது தோள் என்று திரும்பிக்கொண்டே போவேன். ஒருநாள் சாயாக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சேட்டா, யாராவது பின்னாடி வர்றாங்களா?"

"இல்ல," என்றேன். "வந்தா பார்க்கலாம்னுதான்."

நான் குடியிருப்பது ஒரு குறுமிளகுக் கிடங்கின் மாடியில். மனைவி திருச்சூரில் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போட ஒரே ஊரில் இருக்கவேண்டுமே. காலையில் கீழே மிளகு சலிக்க ஆரம்பித்தால் மேலே நான் ஏழெட்டுத் தும்மல் போடுவேன். "நூறு வயசு" என்று சொல்ல ஆளில்லாததால் ஒவ்வொரு தும்மலும் வீணாகிறது. இப்படி வீணானதை எல்லாம் கூட்டினால் நான் குறைந்தது மூன்று யுகம் வாழவேண்டியவன்.

அப்படித் தும்மிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில்தான் போன் வந்தது. தெரியாத நம்பர். பெண் குரல், பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழ்.

"அண்ணா, உங்ககூட ஆடினாரே, ஃபார்வர்டு... அவரோட வீட்டுக்காரி பேசறேன். ஆபீசுல கேட்டு நம்பர் வாங்கினேன்."

எங்கள் டீமின் ஃபார்வர்டு. ஒன்பது சீசனும் எனக்கு முன்னால் ஓடியவன். அவன் பாலக்காட்டுத் தமிழன், நான் மட்டாஞ்சேரித் தமிழன். இருபத்திரண்டு பேர் கொண்ட டீமில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். அதனால் ஊர் ஊராக ஆடப் போகும்போதெல்லாம் மானேஜர் எங்களை ஒரே அறையில் போட்டுவிடுவார். "உங்க ரெண்டு பேருக்கும் பேச வசதியா இருக்கும்ல," என்பார். நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவன் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவான். நான் படித்துக்கொண்டிருப்பேன். கனமான புத்தகங்கள். புரிந்தவை குறைவு. ஆனால் முகத்தை மறைக்க நல்ல அகலம். மைதானத்தில் அவன் என்னிடம் சொன்னது "விடு", நான் அவனிடம் சொன்னது "ஓடு". ஒன்பது வருஷ நட்பின் மொத்த வசனம் இவ்வளவுதான். டீம் கலைந்ததும் அவன் குமாஸ்தா நாற்காலி வேண்டாம் என்று எதிர்க்கரையில் இருக்கும் வைப்பினுக்குப் போய் ஒரு ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. இடையில் இருந்தது பத்து நிமிஷப் படகுப் பயணம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு எனக்கு இருபது வருஷமாக நேரம் கிடைக்கவில்லை.

"அவருக்குச் சுகர் அண்ணா," என்றாள். "வலது கால்ல புண்ணு. ஆறவே இல்ல. இப்ப கறுத்துப்போச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துடணும்ங்கறாங்க டாக்டர். திங்கக்கிழமைக்குள்ள எடுத்தா முட்டி மிஞ்சும், அதுக்கு மேல போனா உயிருக்கே சொல்ல முடியாதுன்னுட்டாங்க. இவரு சொந்தப் பொறுப்புல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டாரு. காலை எடுக்க விடமாட்டேங்கறாரு."

"ஐயோ."

"நீங்க வந்து சொல்லணும்."

"நானா?"

"உங்களைத் தவிர வேற யாரு சொன்னாலும் கேட்கமாட்டாரு. உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லையே, அண்ணா."

வேறு யாருக்கோ போட வேண்டிய போன் தவறி எனக்கு வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் டீமில் வேறு தமிழன் கிடையாது.

போர்ட் கொச்சி வரை பஸ், அங்கிருந்து வைப்பினுக்குப் படகு. போகிற வழியில் நோயாளிக்கு ஏதாவது வாங்கலாம் என்று பழக்கடையில் நின்றேன். கடைக்காரர் தேனிப் பக்கத்து ஆள். யாருக்கு என்று கேட்டார். சுகர்காரருக்கு என்றேன்.

"அப்ப ஆப்பிள் வேண்டாம், ஆரஞ்சு வேண்டாம், வாழைப்பழம் பக்கமே போகாதீங்க."

"பின்னே?"

"கொய்யா. அதுவும் பழுக்காதது."

பந்து மாதிரிக் கல்லாக இருந்த அரைக் கிலோ கொய்யாக்காயோடு படகில் ஏறினேன். எதிரே வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் நின்றன. அவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். எந்தத் தோளைச் சாய்த்தால் எந்தப் பக்கம் ஓடுவான் என்று தெரியும். எத்தனை அடி ஓடினால் மூச்சு வாங்கும், தோற்கிற ஆட்டத்தில் எந்த நிமிஷத்தில் தலை தொங்கும், எல்லாம் தெரியும். அவனுக்குப் பிள்ளைகள் உண்டா? தெரியாது. அப்பா இருக்கிறாரா? தெரியாது. ஒரு மனிதனைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, அவனிடம் கேட்க ஒரு கேள்வி தெரியவில்லை.

வீடு, கடற்கரைக்குப் போகிற சந்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு. அவன் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். பையை வாங்கிக் கொய்யாக்காயைப் பார்த்தாள். நல்லவள், கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

உள்ளே கட்டிலில் அவன் சாய்ந்திருந்தான். நான் அறிந்தவன் ஒல்லியாக, கன்னம் ஒட்டி இருப்பான். இப்போது முகம் உப்பி, மீசை நரைத்து, ஏதோ கோஆபரேட்டிவ் பாங்க் தலைவர் மாதிரி இருந்தான். வலது காலின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு. டெட்டால் வாசனையும், அதற்குக் கீழே டெட்டாலுக்கு அடங்காத இன்னொரு வாசனையும்.

"எடா," என்றான். "நீ தொப்பை போட்டுட்டியே."

"நீ மட்டும் என்ன."

"எனக்கு வியாதி. உனக்கு என்ன கேடு?"

பிறகு இருவரும் சும்மா இருந்தோம். அதில் மட்டும் எங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. மின்விசிறி ஓடியது. என்னிடம் தயாராக இருந்த வாக்கியங்கள் எல்லாம் புத்தகத்திலிருந்து வந்தவை. "உயிர் பெரிதா, கால் பெரிதா" என்று ஆரம்பித்தால் அவன் அந்தக் கொய்யாவை எடுத்து என்மேல் எறிந்திருப்பான். எறிந்தால் படும். அவன் குறி தப்பாது.

அவனே ஆரம்பித்தான்.

"இவ உன்னை எதுக்குக் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியும்."

"ம்."

"மத்தவங்க எல்லாம் வந்து பேசிட்டாங்க. இவ அண்ணன், ஐஸ் கம்பெனி முதலாளி, பள்ளிவாசல்லேருந்து உஸ்தாது. எல்லாருக்கும் இது ஒரு கால், அவ்வளவுதான். எடுத்தா என்ன, கட்டைக்கால் வைக்கலாம், அங்க கிடைக்கும், இங்க கிடைக்கும்ங்கறாங்க. இந்தக் காலோட கதை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

"நானா?" என்று அன்றைக்கு இரண்டாவது தடவை கேட்டேன். ஆனால் இந்தமுறை மனதுக்குள். வாய் திறக்காதது என் வாழ்நாளின் ஒரே சாமர்த்தியமான ஆட்டம் என்று பிறகு தெரிந்தது.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்டா. நடிக்காதே," என்றான். "ஏழு ஏழு பேரா செவன்ஸ் ஆடினப்ப ஒடிஞ்ச எலும்பு. பத்தொன்பது வயசு. அறுத்த வயல்ல ஆட்டம். இந்தப் பக்கத்து எலும்பு." துண்டின் மேலாகவே காலின் வெளி விளிம்பைக் காட்டினான். "வைத்தியன் கட்டினான், கோணலாச் சேர்ந்துது. ஓடலாம். பந்தை அடிச்சா உயிர் போகும். செலக்‌ஷன்ல சொல்லியிருந்தா எவன் வேலை கொடுப்பான்? சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டகூட போன வருஷம்தான் சொன்னேன்."

கதவருகே நின்றிருந்த அவள் தலையாட்டினாள்.

"மொத சீசன்ல நீயும் எல்லாரையும் போல வலது காலுக்குத்தான் கொடுத்த. நான் நின்னு திரும்பி இடது காலுக்கு மாத்தறதுக்குள்ள பந்து போயிடும். கோச் திட்டுவான். ரெண்டாவது சீசன்லேருந்து? ஒரு பந்து, எடா, ஒரே ஒரு பந்து நீ என் வலது காலுக்குக் கொடுத்ததில்ல. எட்டு வருஷம். அத்தனையும் இடது காலுக்கு, அளந்து வச்ச மாதிரி. நான் கேட்டேனா? இல்ல. நீ சொன்னியா? அதுவும் இல்ல. ராத்திரி ரூம்ல நான் காலைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ புஸ்தகத்துலேருந்து தலையத் தூக்கமாட்ட. எனக்கு வெட்கமா இருக்கும்னு. இப்படி ஒருத்தன் எங்க இருக்கான்?"

இங்கே நான் ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

முதல் சீசன் கடைசி ஆட்டத்தில் எனக்குக் கணுக்கால் பிசகியது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு வலது காலின் உள்பக்கத்தால் நான் தட்டுகிற பந்து நேராகப் போகாது. முக்கால் தூரம் ஒழுங்காகப் போய், கடைசி இரண்டு அடியில் இடப்பக்கமாக வளையும். எவ்வளவோ முயன்றும் அதை நேராக்க முடியவில்லை. "உன் பந்துக்கு வழியில வீட்டு ஞாபகம் வந்துடுதா?" என்று கோச் கேட்பார். மற்ற ஃபார்வர்டுகள் என் பந்தைத் தவறவிட்டுவிட்டு என்னைத் திட்டுவார்கள். இவன் மட்டும் திட்டியதில்லை. இவனுக்குப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அவனும் என்னைப் பற்றி அதையே நினைத்திருக்கிறான்.

அவன் எலும்பு எனக்குத் தெரியாது. அறையில் அவன் காலைத் தேய்த்ததையும் நான் பார்த்ததில்லை. நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காததற்குக் காரணம், புத்தகம் படித்துக்கொண்டிருந்ததுதான். ஒன்பது வருஷம், மூன்றடி தள்ளி ஒரு மனிதன் வலியில் உட்கார்ந்திருந்தான். நான் மனிதத் துயரத்தைப் பற்றி நானூறு பக்கம் படித்துக்கொண்டிருந்தேன்.

"அதனால நீ சொல்லு," என்றான். "இத்தனை வருஷம் நானும் நீயுமா ஒளிச்சு வச்ச கால் இது. எடுக்கலாம்னு நீ சொன்னா எடுக்கட்டும். வேண்டாம்னா வேண்டாம்."

ஆபீசில் மின்விசிறியின் வேகத்தைக்கூட என்னைக் கேட்டு வைப்பதில்லை. வீட்டில் கேட்க ஆளில்லை. முதன்முதலாக என் ஒரு சொல்லுக்கு ஒரு உயிர் காத்திருந்தது, அதுவும் நான் செய்யாத ஒரு நல்ல காரியத்தின் பேரில். உண்மையைச் சொல்லலாம். "எனக்கு எதுவும் தெரியாதுடா, என் கால் கோணல், அவ்வளவுதான்" என்று ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் நான் நேர்மையானவன் என்ற பெயரோடு படகேறி வந்திருப்பேன். அவன் அந்த எட்டு வருஷமும் தன்னந்தனியாக ஆடியிருக்கிறான் என்பது அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் யார் சொல்லி, எதற்காக அவன் எழுந்து உட்காருவான்?

"நான் ஒண்ணு கேட்கறேன்," என்றேன். "அந்தக் காலுக்கு நான் ஒரு பந்தாவது கொடுத்தேனா?"

"இல்ல."

"எட்டு வருஷத்துல?"

"ஒண்ணுகூட இல்லன்னுதானே சொல்றேன்."

"இடது காலை வச்சே எத்தனை கோல் அடிச்ச?"

அவன் துண்டின் ஓரத்தை விரலால் நீவினான். எண்ணிக்கை அவனுக்குத் தெரியும், அடக்கம்.

"அப்பவே அது ஆட்டத்துல இல்லாத கால்டா. அது இல்லாமத்தான் அத்தனையும் ஆடின. அதுக்காக இப்ப முட்டியைக் கொடுக்கப் போறியா? இவளைத் தனியா விட்டுட்டுப் போகப்போறியா?"

நான் சொன்னதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. மொத்தமாகச் சேர்த்தால்தான் பொய்.

அவன் துண்டை விலக்கி அந்தக் காலைப் பார்த்தான். நானும் பார்த்தேன், அந்தக் காலை முதல்முறையாக. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்தது. துடைக்கவில்லை.

"கழுதை," என்றான். காலையா, என்னையா என்று தெரியவில்லை. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "எடீ, ஆட்டோக்காரனைக் கூப்பிடு. இன்னிக்கே போயிடலாம். நாளைக்கு ஆனா எனக்கு மனசு மாறிடும்."

அவள் வாசல்வரை என்னோடு வந்தாள். தெருவில் மீன்காரர் ஒருவர் மத்தி, மத்தி என்று கூவிக்கொண்டு போனார். அவர் குரல் தேயும்வரை நின்றிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு அந்த எலும்பு விஷயம் தெரியாதுதானே?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரே செருப்பை இரண்டு தடவை மாட்டினேன்.

"அவரு சொல்லச் சொல்ல நீங்க முழிச்சீங்க பாருங்க, எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு."

"தெரியாதும்மா."

"சரி," என்றாள். "அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போன் செய்ய உள்ளே போனாள்.

திங்கட்கிழமை ஆபீசில் ஒரு ஃபைலை நாலு மணி நேரம் புரட்டினேன். பக்கத்து மேஜைக்காரர், நான் இவ்வளவு உழைத்து அவர் பார்த்ததே இல்லை என்றார். சாயங்காலம் அவள் போன் செய்தாள். எடுத்தாயிற்று, முட்டி மிஞ்சியது, மயக்கம் தெளிந்து பசிக்கிறது என்கிறார். "நல்லது" என்றேன். போனை வைத்த பிறகு அதைவிட நல்ல வார்த்தைகள் பல ஞாபகம் வந்தன.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். போனால் அவன் பழைய ஆட்டங்களைப் பேசுவான். இன்ன ஊரில், இன்ன நிமிஷத்தில், இன்ன இடத்திலிருந்து நீ கொடுத்த பந்து என்பான். அந்தப் பந்து வளையும்போது நான் உள்ளுக்குள் எப்படிக் கூசினேன் என்பது எனக்கு ஞாபகம் வரும். தலையாட்டுவேன். அவன் சொல்லும் அந்த ஆட்டக்காரனை எனக்கும் பிடித்துப்போய்விட்டது. கண்ணுள்ளவன், வாய் திறக்காதவன், நண்பனின் வலியை மூன்றடி தூரத்திலிருந்து அறிந்தவன். அப்படி ஒருவன் என் பக்கத்துக் கட்டிலில் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். இதை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம், அவனுக்கு மலையாளம்தான் படிக்கவரும் என்பது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டு ஊன்றுகோல்களை வைத்துக்கொண்டு முற்றம்வரை வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். வேர்த்திருந்தது. நான் கிளம்புவதற்காகப் படகு நேரத்தைப் பார்த்தேன்.

"எப்பவும் அவசரப்படறியே. வீட்டுல யாராவது காத்திருக்காங்களா?" என்றான்.

இருபத்தொன்பது வருஷத்தில் அவன் என் வீட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. என்னிடம் வழக்கமான பதில்கள் உண்டு. திருச்சூர், மாற்றல், மனைவிக்கு அங்கே ஸ்கூலில் வேலை. அன்றைக்கு அவற்றை எடுக்கவில்லை.

"யாரும் இல்ல," என்றேன்.

"யாரும்னா?"

"யாரும்தான். அவ திருச்சூருக்குப் போயி பதினோரு வருஷமாச்சு."

அவன் ஊன்றுகோலைத் தரையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தான். முகம் சுருங்கியது. காலை எடுத்த அன்றுகூட அப்படிச் சுருங்கியிருக்காது.

"பதினோரு வருஷமா?" என்றான். "இந்தா இந்தக் கரையில உட்கார்ந்துக்கிட்டு எனக்குத் தெரியலயே. நான் ஒரு வார்த்தை சொல்லாம நீ என் காலைப் பார்த்த. நான் உன்னை ஒண்ணுமே பார்க்கலயேடா."

அவள் சாயாவோடு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மன்னிச்சுடு," என்றான் அவன்.

"விடுடா," என்று சொல்லி, அவனுக்கு முகம் கொடுக்காமல் சாயாவை வாங்கிக்கொண்டேன். படகு போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் தன் நாற்காலியை, ஒற்றைக் காலால் தரையை உந்தி, என் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தான்.